சத்தக் கோட்டில் ராயபுரம்

சேசு மரி சூசை

ராயபுரம்,
6.8.1972

அன்புள்ள ஐரீன் அக்காவுக்கு,

தம்பி பாஸ்கல் எழுதுவது. நானும் ஃப்ளோரன்ஸும் குழந்தை டோரதியும் சுகம். டோரதிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஆனாலும் சிரிப்புக்குக் குறைச்சலில்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பம்பாய் மழையில் நனைந்துகொண்டு ஆபீசுக்கு ஓடாதே.

புதுசாக என்னடா சங்கதி என்று கேட்டிருந்தாய். ஒன்று இருக்கிறது. சிரிக்கக் கூடாது.

தண்டையார்பேட்டைக் கொட்டகையில் நான் ஆபரேட்டராகிப் பதினோரு வருஷம். சினிமா பிலிமின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பட்டை ஓடும், அக்கா. பாட்டு, வசனம் எல்லாம் அதில்தான் கோடுகோடாக இருக்கும். மெஷினில் ஒரு சின்ன விளக்கு அந்தப் பட்டை வழியாக வெளிச்சம் அடிக்கும். கோடுகள் வெளிச்சத்தை மறைத்து மறைத்து விடும்; அந்த மினுக்கல்தான் ஸ்பீக்கரில் சத்தமாகிறது. எல்லாரும் சவுண்டு டிராக் என்பார்கள். நான் எனக்குள் சத்தக் கோடு என்று பேர் வைத்திருக்கிறேன். பிலிம் ஒரு பக்கமாகச் சரிந்து ஓடினால், பட்டைக்குப் பதில் படமே அந்த விளக்குக்கு முன்னால் வந்துவிடும். உடனே 'பர்ர்ர்' என்று காதைக் கிழிக்கும், ஜனங்கள் விசில் அடிப்பார்கள். எந்த ஆபரேட்டரும் அப்போது யோசிக்க மாட்டான். கை தானாகப் போய்ச் சவுண்டைக் குறைத்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியான ஆட்டத்தில் பிலிம் அப்படிச் சரிந்தபோது என் கை போகவில்லை. திரையில் கதாநாயகி ஒரு கம்பி வேலியோரம் ஓடிக்கொண்டிருந்தாள். வேலி வந்தபோது ஒரு சத்தம். வேலி முடிந்து சுவர் வந்தபோது வேறு சத்தம். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி மாடிப்படி ஏறி வந்து, "இன்னாடா பாஸ்கலு, தூங்கிகினு கீறியா?" என்றார்.

அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. போட்டோ கேமராவில் போடும் பிலிமும் சினிமா பிலிமும் ஒரே அகலம். போட்டோ கேமராவில் எடுத்தால் படம் அந்தப் பட்டைக்கு உரிய இடத்தையும் சேர்த்து நிரப்பிவிடும். அதைக் கழுவி அப்படியே மெஷினில் ஓட்டினால், எதைப் படம் பிடித்தேனோ அதுவே சத்தம் போடும். போட்டோ ஸ்டூடியோ அருள்பிரகாசம் கேமராவும் இருட்டறையும் கொடுத்து உதவினார். கோடம்பாக்கத்தில் மிச்சம் விழுந்த துண்டு பிலிம் கிடைத்தது. ஹார்பர் வேலி, ரயில்வே யார்டு வேலி, எண்ணூரில் கரண்டுக் கம்பிகள், திருவொற்றியூர் பஸ்ஸின் ஜன்னல். கிட்டே நின்று எடுத்தால் கம்பிக்குக் கட்டைக் குரல், தள்ளிப்போய் எடுத்தால் கீச்சுக் குரல். போன டிசம்பரில் யுத்தம் நடந்தபோது ஹார்பர் வேலியை எடுத்ததற்குப் போலீஸ் ஸ்டேஷனில் அரை நாள் உட்கார வைத்தார்கள். "வேலிய எதுக்கு நைனா போட்டா புடிக்கிறே?" என்று ஏட்டு கேட்டார். அது என்ன சத்தம் போடும் என்று பார்க்கத்தான் என்றேன். வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

இதுவரை இரண்டாயிரத்துச் சொச்சம் போட்டோ. ஓட்டினால் மூன்றே நிமிஷம். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. நீ டாக்குமெண்டரி படக் கம்பெனியில் இருப்பவள், உனக்காவது புரியும் என்று எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் தம்பி,
பாஸ்கல்

*

தாதர், பம்பாய்,
24.8.1972

என் அருமைத் தம்பிக்கு,

ஐரீனின் ஆசீர். கடவுள் புண்ணியத்தில் நடமாடுகிறேன். இடுப்பு வலி மழையோடு வந்தது, மழையோடு போகும். டோரதியின் பல்லை மோட்டில் எறிந்தீர்களா?

சிரிக்காதே என்று எழுதிவிட்டால் சிரிப்பு வராதா? ஹாஸ்டல் மெஸ்ஸில் உட்கார்ந்து வாசித்துச் சிரித்ததில் எதிரில் இருந்த மங்களூர்க்காரி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டாள். வேலியை எல்லாம் பேச வைக்கிற தம்பி யாருக்குக் கிடைப்பான்!

ஆனால் இரண்டாம் தடவை வாசித்தபோது நான் சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனி முதலாளி மிஸ்டர் கபாடியா சனிக்கிழமை மத்தியானங்களில் ஆபீஸ் தியேட்டரில் வெளிநாட்டு விசித்திரங்களை எல்லாம் போட்டுப் பார்ப்பார். சிநேகிதர்கள் பத்துப் பேர் வருவார்கள். திரையில் கோடு ஆடும், புள்ளி துள்ளும். இவர்கள் தலையாட்டிக்கொண்டே பார்ப்பார்கள். உன்னுடையது அவர்களுக்குப் பிடிக்காமலா போகும்? ரீலை அனுப்பு. நான் சொன்னால் அவர் தட்டமாட்டார். இந்த ஆபீசில் ஐரீன் இல்லாமல் ஒரு தாள் நகராது.

ஃப்ளோரன்ஸை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு முத்தம்.

உன் அக்கா,
ஐரீன்

*

சேசு மரி சூசை

ராயபுரம்,
15.10.1972

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு இராயப்பர் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன்.

ரீலை நேற்று ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பினேன். பத்திரம். நான் கேமராவில் எடுத்துக் கழுவின அதே பிலிம்தான் உள்ளே இருக்கிறது, இன்னொரு பிரதி கிடையாது.

ஒன்றை மட்டும் மறக்காதே. ஓட்டுவதற்கு முன்னால் உங்கள் ஆபரேட்டரிடம் சொல்லிவிடு. வருகிற சத்தம் மெஷின் கோளாறு இல்லை, அதுதான் படமே, கை வைக்க வேண்டாம் என்று. சொல்லாவிட்டால் குறைத்துவிடுவார். நல்ல ஆபரேட்டராக இருந்தால் கட்டாயம் குறைப்பார். நானே குறைப்பேன்.

அப்புறம், ஃப்ளோரன்ஸின் அண்ணன் ஜார்ஜ் எண்ணூர் பவர் ஹவுசில் ஒரு எலெக்ட்ரீஷியன் இடத்துக்கு என் பேரைச் சொல்லி வைத்திருக்கிறான். நிரந்தர வேலை. குவார்ட்டர்ஸ் உண்டு, வீட்டுக்குள்ளேயே குழாய். ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே போனால் மெஷின், இருட்டறை எல்லாவற்றுக்கும் முழுக்குத்தான். தெருக்குழாயில் நின்று நின்று ஃப்ளோரன்ஸுக்குக் கால் வீங்கிவிடுகிறது. முந்தாநாள் கேட்டாள்: "இந்தக் கிர்ருபுர்ரு யாருக்குய்யா ஓணும்?"

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் கேட்டுவிட்டு 'இது வெறும் இரைச்சல்' என்றால், சரி என்று எண்ணூருக்குப் போய்விடுவேன். 'இதில் ஏதோ இருக்கிறது' என்றால் கொட்டகையிலேயே இருந்து இன்னும் செய்து பார்ப்பேன். எதுவானாலும் நடந்ததை நடந்தபடி எழுது. உன் கடிதத்தை வைத்துத்தான் ஜார்ஜுக்குப் பதில் சொல்வேன்.

இடுப்பு வலி போகிறவரை வெந்நீரில் குளி.

உன் தம்பி,
பாஸ்கல்

*

தாதர்,
20.11.1972

அன்புத் தம்பிக்கு,

நான் சுகமே. தீபாவளிக்கு ஹாஸ்டல் முழுவதும் பட்சணம் வந்து வயிறு மட்டும் கொஞ்சம் மக்கர் செய்தது.

ரீல் சேதமில்லாமல் வந்தது. டிசம்பர் ஒன்பது, சனிக்கிழமை போடுவதாக ஏற்பாடு. மெட்ராஸிலிருந்து ஒரு புது முயற்சி வந்திருக்கிறது என்று கபாடியாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அன்றைக்கு பிரெஞ்சுக்கார விருந்தாளி ஒருவரும் வருகிறாராம். நான் என் நீல மைசூர் சில்க்கைக் கட்டிக்கொள்ளப் போகிறேன்.

ஃப்ளோரன்ஸைக் காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

உன் அக்கா,
ஐரீன்

*

சேசு மரி சூசை

ராயபுரம்,
19.12.1972

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உனக்கு எங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஒன்பதாம் தேதி போய்ப் பத்து நாளாகிறது. தபால்காரரைத் தெருமுனையிலேயே பிடித்துக் கேட்டுவிடுகிறேன். மனுஷர் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொள்கிறார். சௌகரியப்பட்டபோது இரண்டு வரி எழுது.

பாஸ்கல்

*

தாதர்,
2.1.1973

அன்புத் தம்பி பாஸ்கலுக்கு,

உங்கள் மூவருக்கும் புத்தாண்டு ஆசீர். இங்கே குளிர் வழக்கத்தைவிட அதிகம். கிறிஸ்துமஸுக்கு மங்களூர்க்காரியோடு சேர்ந்து குல்குல் பலகாரம் செய்தோம், பாதி கருகிவிட்டது. டோரதிக்கு ஒரு மஞ்சள் கவுன் எடுத்திருக்கிறேன், மாதுங்காவிலிருந்து ஒருவர் ஊருக்கு வருகிறார், கொடுத்தனுப்புகிறேன். அளவு பெரிதாக இருந்தால் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்.

ரீலைப் போட்டார்கள். எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். புதுமையாக இருக்கிறது என்று கபாடியா சொன்னார். மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதால் ரீல் ஆபீசிலேயே இருக்கிறது.

எனக்கு வேலை அதிகம். பிறகு விவரமாக எழுதுகிறேன்.

ஐரீன்

*

சேசு மரி சூசை

ராயபுரம்,
14.1.1973

என் அன்பு அக்காவுக்கு,

நீ நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அருள்பிரகாசத்துக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். மறுபடி பார்க்க வேண்டும் என்றாரா அந்த மனுஷர்! ஜார்ஜிடம் நேற்றே எண்ணூருக்குப் போய், எனக்கு அந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. ஃப்ளோரன்ஸ் பானையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். சமாதானப்படுத்திவிடுவேன்.

கப்பலில் ஏற்றுகிற மூட்டைகளின் அடுக்கை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறேன். கவுன் வந்தது. அளவு சரியாக இருக்கிறது.

உன் தம்பி,
பாஸ்கல்

*

ராயபுரம்,
4.2.1973

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

ஃப்ளோரன்ஸ் எழுதுகிறேன். நீங்கள் சுகமா? நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. பிழை இருந்தால் மன்னியுங்கள், நான் ஆறாவது வரைதான் படித்தேன்.

உங்கள் கடிதத்தை அவர் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். எடுத்து வாசித்தேன். 'எல்லோரும் பார்த்தார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டார்கள் என்று எழுதவில்லை. அதைக் கேட்கத்தானே அனுப்பினார்? நான் அவரிடம் சொன்னேன். "அக்கா எழுத்துல குத்தம் கண்டுபுடிக்கிறியா நீ?" என்று கோபித்துக்கொண்டார்.

ஜார்ஜ் அண்ணன் அந்த இடத்துக்கு இன்னும் வேறு பேர் கொடுக்கவில்லை. இந்த மாதம் முடியும்வரை தள்ளிப்போடுவதாகச் சொன்னார். அக்கா, அங்கே என்ன நடந்தது? நன்றாக இருந்தது என்றால் நான் எத்தனை பானை வேண்டுமானாலும் தூக்குகிறேன், சத்தியமாகச் சொல்கிறேன். இல்லை என்றால் இப்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள். என் சொல்லை அவர் கேட்கமாட்டார், உங்கள் சொல்லைக் கேட்பார்.

இப்படிக்கு,
ஃப்ளோரன்ஸ்

*

(அஞ்சலட்டை)

ராயபுரம்,
25.3.1973

அக்காவுக்கு,

இங்கே சுகம். இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? எண்ணூர் இடத்துக்கு மாதவரத்துப் பையன் ஒருவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஃப்ளோரன்ஸ் உனக்கு எழுதியதாக இப்போதுதான் சொன்னாள். அவளுக்காவது பதில் போட்டிருக்கலாம். ரீலைத் திருப்பி அனுப்பிவிடு அக்கா. புதுசாக எடுத்ததை அதோடு ஒட்ட வேண்டும்.

பாஸ்கல்

*

தாதர்,
17.4.1973, பரிசுத்த வாரம்

பாஸ்கல்,

உன் சுகத்தை விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்றாலும் விசாரிக்கிறேன். ஃப்ளோரன்ஸின் கால் எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இங்கே கோவாக்காரச் சாமியார். எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னேன். என்னிடம் சொல்லிவிட்டாய், இனி உன் தம்பியிடம் சொல், அதற்கப்புறம் வா என்று அனுப்பிவிட்டார். பாவமன்னிப்பு தரவில்லை. முப்பத்தொன்பது வயதில் சின்னப் பெண் மாதிரி அழுதுகொண்டு திரும்பினேன்.

ஆபரேட்டரிடம் சொல்லச் சொன்னாய். அவர் பேர் சௌக்கத் அலி. நான் அவர் ரூம் வாசல்வரை போனேன். உள்ளே எங்கள் எடிட்டர்கள் இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னால் யாருடைய படம், எங்கே எடுத்தது, யார் அவர் என்று கேட்பார்கள். என் தம்பி, தண்டையார்பேட்டைக் கொட்டகையில் ஆபரேட்டர் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

படம் ஆரம்பித்து இருபது விநாடி சத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. சௌக்கத் அலி குறைத்துவிட்டார். நீ எழுதியபடியே அவர் நல்ல ஆபரேட்டர். மீதி முழுவதும் ஊமையாக ஓடியது. படங்கள் வேறு படுக்கை வசத்தில் தெரிந்தனவா, யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. சத்தம் வேண்டும் என்று எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கடைசி வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

விளக்குப் போட்டதும் கபாடியா, "இது என்ன, வேட்டித் துணியின் சாம்பிளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யார் அனுப்பியது, உனக்குத் தெரிந்தவரா என்று என்னிடம் கேட்டார். யாரோ ஊர்க்காரர், எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்றேன். நானும் சிரித்தேன் பாஸ்கல். சேவல் கூவுவதற்குள் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்த இராயப்பரின் பேரைத் தாங்கிய ஊர்க்காரர்கள் நாம். எனக்கு ஒரு சேவல் கூடக் கூவவில்லை.

இரைச்சல் என்று சொன்னால் எண்ணூருக்குப் போவேன் என்று எழுதியிருந்தாய். அவர்கள் கேட்கவே இல்லையே, எதை எழுதுவது? உண்மையை எழுதினால் என்னையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால் அந்தப் பொய்யை எழுதினேன். ஃப்ளோரன்ஸ் ஒரே வார்த்தையில் என்னைப் பிடித்துவிட்டாள். அவள் கடிதத்தை இருபது நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். பிப்ரவரி முடிந்ததும், இனி எழுதி என்ன என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ரீலைத் திரும்ப வாங்க ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் என்னுடையது என்று ஆகிவிடும் என்று தள்ளிப்போட்டேன். உன் அட்டை வந்த பிறகு போனேன். ஜனவரியில் ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது, பேர் எழுதாத ரீல்களை எல்லாம் பழைய பிலிமோடு, அதை உருக்கி வளையல் செய்கிறவர்களுக்குப் போட்டுவிட்டார்களாம். சௌக்கத் அலி கொஞ்ச நாள் தனியாக எடுத்து வைத்திருந்தாராம். யாரும் கேட்டு வரவில்லை என்றார்.

ரீல் இல்லை, பாஸ்கல். அந்த வேலையும் இல்லை. இரண்டுக்கும் நான்தான் காரணம். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், மன்னித்துவிடு.

ஐரீன்

*

சேசு மரி சூசை

ராயபுரம்,
10.6.1973

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இவ்வளவு நாள் எழுதாததற்கு வேலை அதிகம் என்று சொல்லலாம். அது பொய். கோபம்தான் காரணம். கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று கூட எடுத்தேன்.

ஃப்ளோரன்ஸுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். "உங்க அக்கா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இந்நேரம் வூட்டுக் கொழாயில தண்ணி புடிச்சிகினு இருப்பேன்" என்றாள். டோரதியைக் கூட்டிக்கொண்டு எண்ணூருக்கு ஜார்ஜ் வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தாள். இப்போது பேசுகிறாள். கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

அருள்பிரகாசம் கேமராவைக் கொடுக்கிறேன் என்கிறார். நான் வாங்கவில்லை. ரயில்வே யார்டுக்குப் போனேன். அந்த வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் கட்டிவிட்டார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

சௌக்கத் அலி பாயிடம் நான் விசாரித்ததாகச் சொல். தனியாக எடுத்து வைத்திருந்தாரே, அது போதும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். எங்கள் முதலாளி ஹாலில் அதை ஒருநாளும் போட விடவில்லை. ஆபரேட்டர் ரூமில் இருக்கும் டப்பா ஸ்பீக்கரில் காதை வைத்துத்தான் நான் கேட்டிருக்கிறேன், அதில் எல்லாமே தகரம் மாதிரி இருக்கும். பெரிய ஸ்பீக்கரில், ஒரு ஹாலில் உட்கார்ந்து அதைக் கேட்டவர்களில் எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

இருபது விநாடி என்று எழுதியிருந்தாய். அது முதல் ஏழு துண்டு. ஏழும் அந்த யார்டு வேலிதான். முட்டிக்கொள்கிற அளவுக்குக் கிட்டே நின்று ஆரம்பித்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய், பீச் ரோடுவரை போய் எடுத்தேன். அடித்தொண்டையில் ஆரம்பித்து, படிப்படியாகக் குரல் மேலே ஏற வேண்டும். இரண்டு மாதம் அதற்காக நடந்தேன்.

ஏறியதா, அக்கா? எப்படி இருந்தது? அதை மட்டும் எழுது.

பாஸ்கல்

*

தாதர்,
1.7.1973

என் தம்பிக்கு,

உங்கள் மூவருக்கும் தேக சுகத்தை ஆண்டவர் தரட்டும். இராயப்பர் திருநாளுக்கு ஊரில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

உன் கேள்விக்கு இரண்டு வாரமாகப் பதில் எழுதுகிறேன். முதலில் ஒரு தாளில், ஏறியது, நன்றாக ஏறியது, கோயிலில் ஆர்மோனியம் ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதினேன். வாசிக்க அழகாகத்தான் இருந்தது. நீயும் சந்தோஷப்பட்டிருப்பாய். ஜனவரியில் எழுதிய அதே கையால் எழுதியது என்று நினைவு வந்ததும் கிழித்துவிட்டேன்.

சௌக்கத் அலியிடம் போய்க் கேட்டேன். என் தம்பி கேட்கிறான், அவன்தான் எடுத்தான் என்று எடிட்டர்கள் இருக்கும்போதே சொல்லிக் கேட்டேன். பாவம், யோசித்துப் பார்த்தார். கோளாறு என்று பதறி மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை பெஹன்ஜி என்றார்.

நானும் கேட்கவில்லை, பாஸ்கல். அந்த இருபது விநாடியும் அந்த மனிதர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யாராவது சிரிக்கிறார்களா என்று. குரல் ஏறியதா, இறங்கியதா, எனக்குத் தெரியாது. எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் வரவில்லை. ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. சத்தம் நின்றதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது.

உன் அக்கா,
ஐரீன்